இரண்டாம் புதன்கிழமையை எங்களுக்கே விட்டுவிடும்படி

அனுப்புநர்
ம. சகாயசெல்வி,
உரிமையாளர், ஸ்டெல்லா டி.டி.பி. சென்டர், சந்தை முக்கு, புதுக்கடை.
வீடு: குருசடித்துறை கடற்கரை, புதுக்கடை வழி,
கன்னியாகுமரி மாவட்டம்.

பெறுநர்
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
நாகர்கோவில்.

பொருள்: உலக மனநல நாளான 10.10.2012 புதன்கிழமை அன்று நடைபெறவிருக்கும் ‘மனநலமும் சமூக உள்ளடக்கமும்’ மாநில மாநாடு – மனநோயாளிகளுக்கு ஊசி போடும் நாளும் அதுவே – மாநாட்டை மாற்றி வைத்து ஊசியைக் காப்பாற்றித் தர வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: 1. மக்கள் குறைதீர்க்கும் நாளில் நான் அளித்த மனு, நாள் 30.7.2012.
2. அதன் பயனாக என் தம்பிக்கு வந்த பாராட்டு அழைப்பு.
3. மேற்படி மாநாட்டின் அழைப்பிதழும் பேனரும் (அச்சுக்கு என்னிடமே வந்துள்ளன).

பெருமதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். முதலிலேயே ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். நான் மாநாடுகளுக்கு விரோதி அல்ல. மாநாடுகளால்தான் என் வீட்டில் அடுப்பு எரிகிறது. சுனாமிக்குப் பிறகு இந்த வட்டாரத்தில் நடந்த கருத்தரங்கு, பயிலரங்கு, கலந்தாய்வு, விழிப்புணர்வு முகாம் ஆகியவற்றில் பெரும்பாலானவற்றின் அழைப்பிதழ் என் கணினியில் கோர்க்கப்பட்டதுதான். இப்போதெல்லாம் புதிதாகத் தட்டச்சு செய்வதுகூட இல்லை. பழைய கோப்பைத் திறந்து தலைப்பையும் தேதியையும் மாற்றினால் போதும். ‘தலைமை தாங்குவார்’, ‘சிறப்புரை ஆற்றுவார்’, ‘அனைவரும் வருக’ எல்லாம் இருந்த இடத்திலேயே இருக்கும். நடக்கவிருக்கும் மாநாட்டில் தாங்கள் குத்துவிளக்கேற்றித் தலைமை தாங்குவதாக அழைப்பிதழில் கண்டதால்தான் இம்மனுவைத் தங்களுக்கே எழுதுகிறேன்.

1. என் தம்பி யூஜினுக்கு வயது முப்பத்தெட்டு. பஹ்ரைனில் மீன்பிடிப் படகில் வேலை பார்த்துவிட்டு 2002ஆம் ஆண்டு ஊர் திரும்பினான். கல்ஃபிலிருந்து வருகிறவர்கள் பெட்டி கொண்டுவருவார்கள். இவன் நோய் கொண்டுவந்தான். காதுக்குள் யாரோ பேசுவார்கள், பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள், கடலுக்கு வா என்பார்கள். கெஞ்சாத புனிதர் இல்லை, ஏறாத ஆஸ்பத்திரி இல்லை. கடைசியில் குணம் தந்தது மாதம் ஒருமுறை போடும் ஓர் ஊசிதான். ஊசி போட்டால் அவன் யூஜின்; கிழிந்த வலை பொத்துவான், கறிக்கு மீன் நறுக்கித் தருவான், என்னைக் கேலி செய்வான். ஊசி தவறினால் அவன் யாரென்று அவனுக்கே தெரியாது.

2. அந்த ஊசியைப் போட உத்தரவிடும் மனநல மருத்துவர் எங்கள் வட்டார அரசு மருத்துவமனைக்கு மாதத்தில் ஒரே ஒரு நாள் வருகிறார். அது இரண்டாம் புதன்கிழமை. ஊசி மருந்து அங்கேதான் இருக்கிறது. போடுகிற சிஸ்டர் ஜெயபாயும் அங்கேதான் இருக்கிறார். ஆனால் மருத்துவர் சீட்டில் ஒப்பு வைக்காமல் சிஸ்டர் ஊசியைத் தொடக்கூடாது என்பது விதி. “டாக்டருக்க ஒப்பில்லாம நான் அதுல கைவச்சா எனக்க வேலை போயிரும் மக்கா” என்று அவர் சொல்வது நியாயம். ஆக எங்கள் குடும்பத்தின் மாதம் முழுவதும் ஒரு புதன்கிழமையின் முதுகில் ஏறி நிற்கிறது. இதை மட்டும் தாங்கள் மனதில் வைத்துக்கொண்டால் மீதி மனு தானாக விளங்கிவிடும்.

3. ‘சமூக உள்ளடக்கம்’ என்ற சொல்லை நான் பலமுறை தடித்த எழுத்தில் அச்சடித்திருக்கிறேன். அதற்கு என்ன பொருள் என்று ஒரு கருத்தரங்கிலும் எனக்கு விளங்கியதில்லை. எங்கள் கடற்கரையில் கரமடி இழுப்பார்கள். வலையைக் கடலில் வளைத்துவிட்டு, கரையில் இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று கயிற்றைப் பிடித்து இழுப்பது. அதில் ஒரு வழக்கம் உண்டு. கயிற்றில் கை வைத்த எவருக்கும் மீனில் பங்கு உண்டு. எந்த ஊர், எந்த வீடு, எப்படிப்பட்டவன் என்று கேட்க மாட்டார்கள். அந்தக் கரமடிக்குத் தலைவரான மூப்பர் இஞ்ஞாசி, என் தம்பியைத் தென்பக்கக் கயிற்றின் கடைசியில் நிறுத்திவைத்தார். அவன் தனக்குத்தானே பேசிக்கொண்டே இழுப்பான். வெளியூர்க்காரர் ஒருவர் அதைப் பார்த்து முகம் சுளித்தபோது இஞ்ஞாசி சொன்னது: “கயித்துக்கு கைதான் வேணும். வாய் என்ன பேசுனா நமக்கென்னவே?” இதற்கு அவர் அழைப்பிதழ் அடிக்கவில்லை. அதனால் எனக்கு வருமானமும் இல்லை.

4. என் தம்பியைக் கருத்தரங்குகளும் உள்ளடக்கத்தான் செய்தன. எங்கள் பகுதியில் ‘கரைவிளக்கு மனிதவள மேம்பாட்டு மையம்’ என்ற தொண்டு நிறுவனம் இருக்கிறது. அதன் இயக்குநர் முனைவர் அபிலாஷ் அவர்கள். படித்தவர், பண்பானவர், அச்சுக் கூலியை ஒருநாளும் பாக்கி வைக்காதவர். அவர் யூஜினை நான்கு முறை மேடையேற்றி நான்கு முறை பொன்னாடை போர்த்தினார். 2006இல் சிவப்புப் பொன்னாடை. அப்போது அவன் ‘சுனாமியால் மனம் பாதிக்கப்பட்டவர்’. ஐயா, சுனாமி வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை அவன் என்னோடு சிதறால் மலையுச்சியில் உட்கார்ந்து கிறிஸ்துமஸ் பலகாரம் தின்றுகொண்டிருந்தான். அவ்வளவு உயரத்தில் சுனாமியால் பாதிக்கப்பட்ட மீனவன் இந்த மாவட்டத்தில் அவன் ஒருவனாகத்தான் இருக்க முடியும். 2008இல் பச்சைப் பொன்னாடை. ‘மதுவின் பிடியிலிருந்து மீண்டவர்’. அவன் பீடிகூடக் குடித்தவன் இல்லை. கைதட்டு ஓய்ந்ததும் என் காதில், “எக்கா, நான் எப்போ குடிச்சேன், எப்போ நிறுத்துனேன்?” என்று கேட்டான். 2010இல் மஞ்சள், ‘வெளிநாட்டு வேலையால் நலிவுற்றவர்’. இது உண்மை. எப்படியோ தவறி நடந்துவிட்டது. இவ்வாண்டு நீலம், ‘சமூக விலக்கிற்கு ஆளானவர்’. அந்த ஆண்டு எதற்கு நிதி வருகிறதோ அந்த ஆண்டு என் தம்பிக்கு அந்த நோய். இவ்வளவு ஒத்துழைப்புத் தருகிற நோயாளி வேறெங்கும் கிடைப்பானா என்று தெரியவில்லை.

5. இதிலெல்லாம் எனக்கு வருத்தமில்லை. துணிதானே, குளிருக்கு ஆகும் என்று மடித்து வைத்தேன். வருத்தம் வேறு. இந்தக் கருத்தரங்குகள் ஏன் எப்போதும் புதன்கிழமையிலேயே வருகின்றன என்று எனக்கு வெகுநாள் விளங்கவில்லை. இயக்குநர் அவர்களிடமே கேட்டேன். அவர் ஒளிக்காமல் சொன்னார். இரண்டாம் புதன்கிழமை மருத்துவர் எப்படியும் இந்தப் பக்கம் வருகிறார். தனியாக அழைத்து வாகனம் அனுப்ப வேண்டியதில்லை. நோயாளிகளும் குடும்பத்தாரும் எப்படியும் ஆஸ்பத்திரி வரிசையில் கூடியிருக்கிறார்கள். ஊர் ஊராகப் போய் ஆள் சேர்க்க வேண்டியதில்லை. வரிசைக்கு முன்னால் இரண்டு வேனைக் கொண்டு நிறுத்தினால் மண்டபம் நிறைந்துவிடும். “எவ்வளவு சௌகரியம் பாருங்கள் சகோதரி” என்றார். பார்த்தேன், ஐயா. மருத்துவரையும் கொண்டுபோய்விடுகிறார்கள், நோயாளியையும் கொண்டுபோய்விடுகிறார்கள். ஆஸ்பத்திரியில் மிச்சமிருப்பது ஊசி மட்டும்தான்.

6. கடந்த 11.7.2012 அன்று நடந்ததைச் சொல்கிறேன். காலையில் நானும் யூஜினும் வரிசையில் நின்றோம். வேன் வந்தது. ‘ஊசியும் அங்கேயே போடுவார்கள், ஏறுங்கள்’ என்று ஒருவர் சொன்னார். நம்பி ஏறினோம். இறங்கிய இடம் ஒரு திருமண மண்டபம். வாசலில் பன்னீர் தெளித்தார்கள், சந்தனம் கொடுத்தார்கள், பேட்ஜ் குத்தினார்கள். குத்தாதது ஊசி ஒன்றுதான். வரவேற்புரை, வாழ்த்துரை, அறிமுகவுரை, மையவுரை என்று வரிசையாக வந்தன. நோயாளிகளின் உரிமை பற்றி ஒருவர் பேசினார். அவர்கள் குரலுக்குச் செவிகொடுக்க வேண்டும் என்று இன்னொருவர் மேசையைத் தட்டிப் பேசினார். அந்தக் குரல்களில் ஒரு குரல் அப்போது மேடையிலேயே நீலப் பொன்னாடையோடு எழுந்து நின்று கேட்டது: “டாக்டரே, கோவிக்கக்கூடாது. எனக்க ஊசி எப்போ போடுவிய?”

எல்லோரும் சிரித்தார்கள். மருத்துவர் கையைக் காட்டி உட்காரச் சொன்னார். யூஜின் உட்கார்ந்தான். அடுத்தவர் பேச ஆரம்பித்ததும் மறுபடி எழுந்தான். “இன்னைக்கி புதன்கிழமையில்லா? அங்க சிஸ்டர் காத்து நிக்காவ. நான் போட்டுட்டு ஓடி வந்துருவேன்.” குரலை உயர்த்தவில்லை, ஐயா. வகுப்பில் வாத்தியாரிடம் வெளியே போக அனுமதி கேட்கிற மாதிரித்தான் கேட்டான். மூன்றாம் முறை அவன் எழுந்தபோது, தொழில்நுட்பக் கோளாறு என்று அறிவித்து மைக்கை நிறுத்தினார்கள். இரண்டு தொண்டர்கள் வந்து தோளில் கைபோட்டு அன்பாக அழைத்துப் போனார்கள். மேடைக்குப் பக்கத்தில் ஓர் அறை. உள்ளே விட்டு வெளியே தாழ்ப்பாள் போட்டார்கள். அந்த அறையின் கதவில் ‘மணமகன் அறை’ என்று பித்தளை எழுத்தில் இருந்தது.

நான் கடைசி வரிசையிலிருந்து சத்தம் போட்டேன். ‘நிகழ்ச்சி முடியட்டும் சேச்சி, வெளியூரிலிருந்து பெரிய ஆட்களெல்லாம் வந்திருக்கிறார்கள்’ என்று என்னையும் அமர்த்தினார்கள். சமூக விலக்கம் எவ்வளவு கொடியது என்பது பற்றிய மையவுரை முழுவதையும் என் தம்பி பூட்டிய கதவுக்குப் பின்னாலிருந்து கேட்டான். ஒலிபெருக்கி அந்த அறையிலும் இருந்தது. கதவைத் திறந்தபோது சுவரில் இருந்த பெரிய கண்ணாடிக்கு முன்னால் பொன்னாடையோடு உட்கார்ந்திருந்தான். வெளியே வந்து கதவுப் பலகையை வாசித்தான். “எக்கா, மாப்பிள்ளை ரெடி. பெண்ணு எங்க?” என்றான். அப்போது அவனுக்குப் புத்தி முழுத் தெளிவில் இருந்தது. தமாஷுக்குத்தான் கேட்டான். பெண் பார்க்கப் போன இரண்டு வீட்டிலும் நோயைச் சொன்னதும் காப்பித் தம்ளரைத் திருப்பி எடுத்தவர்களை நான் அறிவேன். என்னால் சிரிக்க முடியவில்லை.

இந்நிகழ்வு அவர்களது அறிக்கையில், ‘உணர்ச்சிவசப்பட்ட பயனாளி ஒருவருக்கு உடனடியாகத் தனிமையும் ஓய்வும் வழங்கப்பட்டன’ என்று இடம்பெற்றிருக்கிறது. அந்த அறிக்கையையும் அச்சடித்தது நான்தான்.

7. மதியச் சாப்பாடு நன்றாக இருந்தது. குறை சொல்ல முடியாது; பாயசத்தில் முந்திரி அண்டிப்பருப்புகூட இருந்தது. சாப்பிட்டதும் ஊசிக்குப் போகலாம் என்று மருத்துவரைத் தேடினேன். பிற்பகல் அமர்வு ‘களப் பயணம்’ என்று நிரலில் இருந்தது. நானும் ஏதோ நோயாளிகள் வீட்டுக்குப் போகிறார்கள் என்று நினைத்தேன். களம் எதுவென்றால் பத்மநாபபுரம் அரண்மனை. வெளியூர் விருந்தினர்களோடு மருத்துவரையும் அங்கே கூட்டிப்போய்விட்டார்கள். எங்களை வேன் மறுபடி ஆஸ்பத்திரி வாசலில் இறக்கியது. சிஸ்டர் ஜெயபாய் அறை வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். மருத்துவரின் கைபேசிக்கு அழைத்தார்; மாலையில் அவர் எடுத்து, ரயிலுக்கு நேரமாகிவிட்டது, அடுத்த மாதம் முதல் ஆளாகப் பார்க்கிறேன் என்றார். அவரும் கெட்டவர் அல்ல. கூப்பிட்ட இடத்துக்கு மாட்டேன் என்று சொல்லத் தெரியாதவர். ஆனால் நோய்க்கு அடுத்த மாதம் என்றால் என்னவென்று தெரியாதே.

8. வெளியே வாங்கிப் போட வேண்டியதுதானே, நாகர்கோவிலுக்குக் கொண்டுபோக வேண்டியதுதானே என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். புதுக்கடையிலிருந்து மார்த்தாண்டம் வரை மருந்துக் கடைகளில் கேட்டேன். இந்த ஊசி அவர்களிடம் இல்லை. நாகர்கோவிலுக்குப் பேருந்தில் ஏற்றினேன். கண்டக்டர் விசில் அடித்தால் யூஜினுக்கு அது படகில் ஆள் கூப்பிடுகிற சத்தமாகக் கேட்கும். ஓடுகிற பஸ்ஸிலிருந்து இறங்கப் பார்த்தான். என்னையும் சேர்த்து நடுவழியில் இறக்கிவிட்டார்கள். வட்டார ஆஸ்பத்திரி என்றால் ஆட்டோவில் வருவான். அந்த வரிசை அவனுக்குப் பழக்கம், அந்த வரிசைக்கும் அவன் பழக்கம்.

9. ஜூலை மாதக் கடைசியில் அவன் போய்விட்டான். உயிர் போகவில்லை, ஆள்தான் போய்விட்டான். ஆடி மாதக் கடல் எப்படி இருக்கும் என்பதைத் தாங்களும் கண்டிருப்பீர்கள். வள்ளம் இறங்காத கடலில், உச்சி வெயில் சுட்ட மத்தியானத்தில், என் தம்பி தன்னந்தனியாக இறங்கி நடந்தான். பஹ்ரைன் படகு கரைக்கு வந்து கூப்பிடுகிறதாம். இஞ்ஞாசியும் கூட்டாளிகளும் விழுந்தடித்து ஓடி அலையிலிருந்து பிடுங்கி எடுத்தார்கள். விட்டால் மறுபடி ஓடினான். வேறு வழியில்லாமல் வலைக்கூடத்துப் பக்கம் நின்ற தென்னையில், அவன் வழக்கமாக இழுக்கும் அதே கரமடிக் கயிற்றால் கட்டினார்கள். தோல் உரியாதிருக்க இஞ்ஞாசி தன் தோள் துண்டை மணிக்கட்டில் சுற்றி, அதன்மேல் கயிற்றைச் சுற்றினார். சுற்றும்போது அந்தப் பெரிய மனிதர் அழுதார். “ஏலே மக்கா, கோவிக்காத. ஒன்ன கடலு கொண்டுபோவக்கூடாதுன்னுதாம்லே கெட்டுதோம்” என்று சொல்லிச் சொல்லித்தான் கட்டினார். பிறகு ஒரு குடையைக் கொண்டுவந்து பக்கத்தில் உட்கார்ந்து அவனுக்கு வெயில் படாமல் பிடித்துக்கொண்டார். நான் கஞ்சி ஊட்டினேன். அவன் என் முகத்தில் துப்பினான். அது அவன் இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் என் மனம் உடைந்துதான் போயிற்று, ஐயா.

10. மறுநாள் கரைவிளக்கு மையத்தின் ஒருங்கிணைப்பாளர் செல்வி பெபிஷா கேமராவோடு வந்தார். சின்னப் பெண், குறை சொல்ல மனம் வரவில்லை. ஆனால் நடந்ததைச் சொல்லியாக வேண்டும். குடை பிடித்திருந்த இஞ்ஞாசியிடம், “மாமா, ஒரு நிமிஷம் அந்தப் பக்கம் மாறி நிக்குதியளா?” என்று கேட்டு அவரை ஒதுக்கிவிட்டு, கட்டிய கையை மட்டும் படம் எடுத்துக்கொண்டு போனார். ஊசி பற்றிச் சொன்னேன். இயக்குநரிடம் தெரிவிப்பதாகச் சொன்னார். அதன்பிறகுதான் நான் 30.7.2012 திங்கட்கிழமை நாகர்கோவிலுக்கு வந்து, இரண்டாம் புதன்கிழமையில் கருத்தரங்கு கூடாது என்று மனு கொடுத்தேன்.

மனு மீது நடவடிக்கை எடுக்கப்படவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. அது முறைப்படி சம்பந்தப்பட்ட துறைக்குப் போய், அங்கிருந்து ‘களப்பணியில் அனுபவம் வாய்ந்த’ கரைவிளக்கு மையத்துக்கே ‘தக்க நடவடிக்கைக்காக’ அனுப்பப்பட்டது. அவர்கள் எடுத்த தக்க நடவடிக்கை: என் தம்பியை அக்டோபர் பத்தாம் தேதி மாநாட்டுக்குச் சிறப்பு அழைப்பாளராக அழைத்து ஒரு கடிதம். ‘கட்டுகளிலிருந்து விடுதலை – ஒரு பயனாளியின் அனுபவப் பகிர்வு’ என்று பதினைந்து நிமிடம் ஒதுக்கியிருக்கிறார்கள். பொன்னாடை உண்டு என்றும் குறிப்பிட்டிருக்கிறார்கள். பத்தாம் தேதி இரண்டாம் புதன்கிழமை என்பதைக் குறிப்பிடவில்லை.

11. ஆகஸ்டு மாதப் புதன்கிழமை யாரும் கருத்தரங்கு வைக்கவில்லை. எனவே ஊசி கிடைத்தது. செப்டம்பரிலும் கிடைத்தது. ஓணம் முடிந்ததிலிருந்து தம்பி கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்துகொண்டிருக்கிறான். நேற்று என்னைப் பார்த்து, “எக்கா, ஒனக்கு தலை நரைச்சிட்டே, எனக்க கல்யாணத்துக்கு மையடிச்சுட்டு வா” என்றான். இந்த ஒரு வாக்கியத்துக்காக நான் இரண்டு மாதம் காத்திருந்தேன்.

12. கடந்த வாரம் மாநாட்டு வேலை என் கடைக்கு வந்தது. அழைப்பிதழ், பேட்ஜ், மேடைக்கான பெரிய பேனர். பேனருக்கான படத்தைக் கணினியில் திறந்தேன். தென்னை மரம், கயிறு, ஒரு கை. முகம் இல்லை, தனியுரிமையைக் காக்க வெட்டிவிட்டார்களாம். துண்டு சுற்றிய மணிக்கட்டுக்கு மேலே, முன்கையில் பச்சை குத்திய நங்கூரம் இருந்தது. பதினெட்டு வயதில் தொழிலுக்கு இறங்கியபோது குத்திக்கொண்டு வந்து எங்கள் அம்மை வியாகுலம்மாளிடம் அவன் அடி வாங்கிய நங்கூரம். படத்துக்கு மேலே போட வேண்டிய வாசகம்: ‘கட்டுகளை அறுப்போம்’. கீழே: ‘மூடநம்பிக்கையில் ஊறிய கடலோரச் சமூகத்தின் கொடுமைக்கு முற்றுப்புள்ளி வைப்போம்’.

படத்தின் மேல் மூலையில் கறுப்பாக ஏதோ துருத்திக்கொண்டிருந்தது. அது இஞ்ஞாசியின் குடை. மாறி நிற்கச் சொன்ன பிறகும் அந்த மனிதர் கையை நீட்டிக் குடையைப் பிடித்துக்கொண்டேதான் இருந்திருக்கிறார். இயக்குநர் அலுவலகத்திலிருந்து தொலைபேசியில் ஒரு திருத்தம் சொன்னார்கள்: “மூலையில் ஏதோ கறுப்பு விழுந்திருக்கு, அதை மட்டும் அழிச்சிடுங்க.”

ஐயா, எனக்குக் கோபம் வந்தது. இதுவரை மரியாதையாக எழுதிவிட்டேன், இந்த ஒரு பத்தியில் மட்டும் பொறுத்தருள வேண்டுகிறேன். ஊசியைக் கிடைக்கவிடாமல் செய்தது இவர்கள் கருத்தரங்கு. ஊசி கிடைக்காததால் ஓடியவனைச் சாகவிடாமல் பிடித்தது எங்கள் கடற்கரை. பிடித்த கயிறு கொடுமையாம், பூட்டிய கதவு ஓய்வாம். எந்த முகத்தோடு இதைப் பேனரில் போட்டுத் தங்கள் தலைக்கு மேலே தொங்கவிடப் போகிறார்கள் என்று கேட்கிறேன். கடற்கரை சொர்க்கம் என்று நான் சொல்ல வரவில்லை. அங்கும் அவனைக் கிறுக்கன் என்று கூப்பிடுகிறவர்கள் உண்டு. ஆனால் கூப்பிட்டுவிட்டுப் பங்கைக் கொடுத்துவிடுவார்கள்.

13. ஆகவே தங்கள் மேலான கவனத்துக்கு என் வேண்டுதல்களைப் பணிந்து வைக்கிறேன்.

மாநாட்டை ஒன்பதாம் தேதியோ பதினோராம் தேதியோ நடத்தலாம். உலக மனநல நாளைத் தள்ளிவைக்க முடியாது என்பார்கள். உலகம் புதுக்கடையைத் திரும்பிப் பார்ப்பதில்லை. ஒரு நாள் முன்பின் ஆனால் கோபித்துக்கொள்ளாது.

அன்றைக்கேதான் நடத்த வேண்டுமென்றால், மண்டபத்தில் வேண்டாம், ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே நடத்த உத்தரவிடலாம். வேன் செலவு மிச்சம். பார்வையாளர்கள் ஏற்கெனவே வரிசையில் நிற்கிறார்கள். சிஸ்டர் ஜெயபாயின் மேசையில் தாங்கள் குத்துவிளக்கேற்றலாம்; பஞ்சும் அங்கேயே இருக்கிறது. வரவேற்புரைக்கும் வாழ்த்துரைக்கும் நடுவே மருத்துவர் சீட்டில் ஒப்பு வைத்துக்கொண்டே போனால், நன்றியுரை வருவதற்குள் எல்லோருக்கும் ஊசி போட்டு முடித்துவிடலாம். இந்த வட்டாரத்தில் நோயாளிகளுக்கு உபயோகமான முதல் மாநாடு என்ற பெருமையும் தங்களுக்குக் கிடைக்கும்.

இதுவும் இயலாது என்றால், மருத்துவரையாவது மதியம் வரை ஆஸ்பத்திரியில் விட்டுவையுங்கள். அவர் மத்தியானம் மண்டபத்துக்கு வந்தாலும் மையவுரை முடிந்திருக்காது. அச்சடித்தவள் என்ற முறையில் உறுதியாகச் சொல்கிறேன்.

பேனர்ப் படத்தை விலக்கச் சொல்லுங்கள். போட்டே தீர வேண்டுமென்றால் இஞ்ஞாசியின் முகத்தோடும் குடையோடும் போடச் சொல்லுங்கள்.

14. அழைப்பிதழ் வேலை முடிந்துவிட்டது. ‘இடம்’ என்ற வரியை மட்டும் இன்னும் நிரப்பவில்லை. இயக்குநர் அலுவலகத்திலிருந்து தினமும் கேட்கிறார்கள். கணினியில் கோளாறு, தொழில்நுட்பக் கோளாறு என்று சொல்லி வைத்திருக்கிறேன். அவர்களிடமிருந்து கற்றுக்கொண்டதுதான். தங்கள் உத்தரவு எப்படி வருகிறதோ அப்படியே அந்த வரியை நிரப்பி அன்றே அச்சுக்கு அனுப்பிவிடுவேன்.

15. கடைசியாக, என் தம்பி தன் சார்பில் ஒன்று எழுதச் சொன்னான். கடல் அடங்கிவிட்டது. அக்டோபர் பதினொன்று, வியாழக்கிழமை, இந்தப் பருவத்தின் முதல் கரமடி இறங்குகிறது. தென்பக்கக் கயிற்றின் கடைசியில் அவனுடைய இடத்தை இஞ்ஞாசி யாருக்கும் கொடுக்காமல் வைத்திருக்கிறார். அவன் சொன்னதைச் சொன்னபடியே எழுதுகிறேன்: “கலெக்டர் ஐயாட்ட சொல்லு எக்கா. புதன்கிழமை ஊசி போட்டாவன்னா வியாழக்கிழமை நான் கயிறு பிடிப்பேன். போடலன்னா கயிறு என்னப் பிடிக்கும்.”

எங்கள் புதன்கிழமையைத் தங்கள் கையில் ஒப்படைத்து, உத்தரவை எதிர்நோக்கியிருக்கும்

ம. சகாயசெல்வி (ஒப்பம்)
ம. யூஜின் (ஒப்பம் – அவனே வைத்தது, கை நடுங்கவில்லை)

இடம்: புதுக்கடை
நாள்: 24.9.2012

இணைப்பு:
1. மாநாட்டு அழைப்பிதழின் மாதிரி. ‘இடம்’ நிரப்பப்படாதது.
2. பேனரின் மாதிரி. குடை அழிக்கப்படாதது.
3. பொன்னாடைகள்: சிவப்பு, பச்சை, மஞ்சள், நீலம். நான்கும் துவைத்து மடித்தவை. இவற்றைப் பெற்றுக்கொண்டு, பதிலுக்கு ஓர் ஊசி வழங்கும்படி வேண்டுகிறோம்.